தேனீப் பாகில் லெமன்கிராஸ் எண்ணெய்: ஐந்து மழைக்காலம் ஊற்றிப் பார்த்த பிறகு

ஒரத்தநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் ஃபோன் செய்தான். அவர்கள் தோப்பு 2018 நவம்பரில் கஜா புயலில் பாதிக்கு மேல் சாய்ந்தது. திரும்ப வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன, அந்தச் சந்தோஷத்தில் ஆறு தேனீப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறான், எல்லாம் நம்ம இந்தியத் தேனீதான். "அக்கா, பாகுல விடுற வாசனை எண்ணெய் விலை பாதியா இறங்கியிருக்கு, ரெண்டு பாட்டில் போட்டுடவா?" என்றான். வேண்டாம்டா என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு உறுத்தியது, ஏனென்றால் அன்று ராத்திரி நானே ஒரு பெட்டிக்கு அதே லெமன்கிராஸ் எண்ணெயில், அதாவது எலுமிச்சைப் புல் எண்ணெயில், ஒரு சொட்டு விட்டுத்தான் பாகு வைத்தேன். அவனுக்கும் அவனைப் போலக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டி வாழையும் தென்னையும், ஒன்பது பெட்டி. பாகு ஏன் வைக்கிறோம் என்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் சுற்றிலும் சம்பா பச்சைப் பசேலென்று நிற்கும், ஆனால் நெல்லில் மகரந்தம் உண்டே தவிர பூந்தேன் கிடையாது. தென்னம்பாளையில் இருப்பதையும் அடைமழை கழுவிவிடும். நாலு நாள் வெளியே போக முடியாமல் உள்ளே இருப்பு தீர்ந்தால் இந்தியத் தேனீ பொறுமையாக உட்கார்ந்திருக்காது, அடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதனால் சீனியும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்த பாகு, கொட்டாங்குச்சியில், கால் வைத்து நிற்க நாலு ஈர்க்குத் துண்டு. இதுவரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

எண்ணெய் ஆசை எனக்கு 2020இல் வந்தது. சில பெட்டிகள் பாகைத் தொடாமலே விடும், இரண்டு நாளில் அது புளித்துப்போகும். லெமன்கிராஸ் எண்ணெயும் புதினா எண்ணெயும் பதினைந்து பதினைந்து சொட்டு விடச் சொல்லும் வெளிநாட்டுச் செய்முறை ஒன்றை எங்கேயோ படித்துவிட்டு அப்படியே செய்தேன். அது நேராக வைக்கிற பாகு கிடையாது, சாதாரணப் பாகில் ஒன்றிரண்டு ஸ்பூன் மட்டும் கலக்க வேண்டிய கரைசல் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை திறந்தால் கொட்டாங்குச்சி ஓரத்தில் பதினொரு தேனீ, நாக்கு முழுக்க நீண்டபடி செத்துக் கிடந்தன. கொட்டாங்குச்சியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேலே ரசத்தில் நெய் மிதப்பது போலப் பொட்டுப் பொட்டாக எண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் வருத்தம்தான். முதலில் வந்து நாக்கை விட்ட தேனீக்குக் கிடைத்தது பாகே இல்லை, சுத்த எண்ணெய்.

இதற்கு வழி இருக்கிறது. கும்பகோணத்தில் கேக் சாமான் விற்கும் கடையில், எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் சோயா லெசித்தின் கிடைக்கும். கால் ஸ்பூன் எடுத்து வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் எண்ணெயை அதில் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் பால் மாதிரி வெளுத்துவிடும், பிறகு பிரியாது. அதைத்தான் பாகில் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பாகுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் சேர்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறேன், அதற்கு மேல் போனதே இல்லை. பாகு காய்ச்சும்போதும், தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிய பிறகு சீனியைப் போட வேண்டும். சீனியோடு சேர்த்துக் கொதிக்க விடுவது, எலுமிச்சை பிழிவது, வெல்லம் போடுவது மூன்றுமே தேனீ வயிற்றுக்கு ஆகாது. எண்ணெய் பாகு ஆறிய பிறகுதான், இல்லாவிட்டால் வாசம் எல்லாம் ஆவியோடு போய்விடும்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. லெமன்கிராஸ் எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்கு சிட்ரால் என்ற வாசப் பொருள்தான். வேலைக்காரத் தேனீ வாசல் பலகையில் நின்று வாலைத் தூக்கி இறக்கையை விசிறுமே, அப்போது வால் நுனியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிற வாசத்திலும், இத்தாலியத் தேனீயில் பார்த்தவரைக்கும், அதே சிட்ரால் உண்டு. "வாங்க, வீடு இங்கேதான்" என்று கூட்டத்தைக் கூப்பிடும் வாசம் அது. அதனால் தொடாமல் கிடந்த பாகை எண்ணெய் விட்டதும் ஒரே ராத்திரியில் காலி செய்தன. புளிக்கிறதும் தள்ளிப்போனது: எங்கள் ஊர் மழை ஈரத்தில் வெறும் பாகு ஒன்றரை நாள் தாங்கினால் இது மூன்று நாள் தாங்கியது. இன்னொன்று, 2022 மாசியில் ஒரு காலிப் பெட்டிக்குள் மேல் சட்டத்தில் ஒரே ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் தேய்த்து, கொல்லையில் மாமரக் கவட்டில் வைத்தேன். ஆறாம் நாள் மத்தியானம் அவ்வளவு பெரிய கூட்டம் தானாக வந்து இறங்கியது. சமையற்கட்டில் இருந்தவள் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தேன், வாசலில் முப்பது நாற்பது தேனீ வரிசையாக வாலைத் தூக்கி விசிறிக்கொண்டு நிற்கின்றன, கிட்டப் போனால் எண்ணெய் வாசம் எது தேனீ வாசம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டம்தான் இன்றைக்கும் என்னிடம் இருப்பதிலேயே வலுவான பெட்டி.

ஆனால் அந்த வாசம்தான் எனக்கு ஐந்து வருஷமாகத் தீராத தலைவலியும். "வாங்க, வீடு இங்கேதான்" என்று அது நம்ம பெட்டித் தேனீயை மட்டும் கூப்பிடுவதில்லை. பக்கத்துப் பெட்டியும் வரும், எதிர்த் தோப்புக்காரர் பெட்டியும் வரும்.

2021 கார்த்திகையில், மூன்று நாள் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்த ஒரு பதினொரு மணிக்கு, பாவம் பசியோடு இருக்கும் என்று அவசரப்பட்டு நோஞ்சான் பெட்டி ஒன்றுக்கு மட்டும் எண்ணெய்ப் பாகு வைத்தேன். அரை மணி நேரத்தில் சத்தம் மாறியது. சாதாரண ரீங்காரம் இல்லை, உச்சத்தில் ஒரு கிறீச்சுச் சத்தம். வாசலில் இரண்டிரண்டாகக் கட்டிப் புரண்டு மண்ணில் விழுந்து கொட்டிக்கொள்கின்றன. ரோமம் உதிர்ந்து கறுத்துப் பளபளவென்று இருக்கும் கிழத் தேனீக்கள் வாசல் பக்கமே வராமல் மூடி இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்க்கின்றன. ஈரச் சாக்கைப் போர்த்தி, வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குக் களிமண்ணால் அடைத்தேன், கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டேன். ஆனால் பாகை எடுத்தாலும் வாசம் போகாது, அது பலகையில் ஊறிவிட்டது. சாயங்காலம் அடிப்பலகையை இழுத்துப் பார்த்தால் ரவை கொட்டியது போல மெழுகுத் தூள், இருந்த கொஞ்சத் தேனையும் கிழித்துக் குடித்துவிட்டன. மறுநாள் மிச்சம் இருந்ததும் ராணியோடு கிளம்பிப் போய்விட்டது, அடையில் புழு மட்டும் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. அந்த அடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது மறக்கவே மறக்காது.

வெறும் பாகிலும் இப்படி வேற்றுப் பெட்டித் தேனீ புகுந்து கொள்ளை நடக்கும், எண்ணெயை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. பகலில் வைத்தது என் தப்பு, ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் வெறும் பாகில் இதே தப்பை நான் முன்னேயும் செய்திருக்கிறேன், அப்போதெல்லாம் வாசலைச் சுருக்கியதும் அடங்கிவிட்டது.

அப்புறம் தேன். 2023 மாசிக் கடைசி வரைக்கும் எண்ணெய்ப் பாகு வைத்துவிட்டேன். சித்திரையில் எள்ளும் வேம்பும் புங்கும் பூத்து எடுத்த தேனை, வருஷா வருஷம் என்னிடம் வாங்கும் கும்பகோணத்து அம்மா ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, தைல வாசம் வருதே, ஏதாவது கலந்தியா?" என்று கேட்டார். கலக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாகைத் தேனீ குடித்தே தீர்ப்பதில்லை, மிச்சத்தை அடையில் சேமிக்கும். அந்தப் பாட்டில்களையெல்லாம் விற்காமல் வைத்து, அடுத்த மழைக்குத் தேனீக்கே திருப்பி வைத்தேன். இப்போது மார்கழி முடிவோடு எண்ணெயை நிறுத்திவிடுகிறேன்.

பாட்டில் மேல் எழுதியிருக்கும் மற்றதையெல்லாம் நம்ப வேண்டாம். உண்ணி ஒழியும் என்கிறார்கள். வரோவா உண்ணி இத்தாலியத் தேனீ வளர்க்கிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. நம்ம தேனீ காலங்காலமாக அதோடு வாழ்ந்து பழகியது, தானே உதறிக் கடித்துப் பார்த்துக்கொள்ளும். நோய் எதிர்ப்பு என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயைத் துடைத்தெடுத்ததே தாய்லாந்து சாக்புரூட் என்ற புழு நோய், தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டத்துப் பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்கள், அது வைரஸ். புழு பையில் நீர் கட்டியது போல ஊதிச் சாகும். அதற்கு எந்தப் புல் எண்ணெயும் மருந்து கிடையாது, வலுவான கூட்டமும் சுத்தமான பெட்டியும்தான் காப்பாற்றும்.

ஆகவே தம்பி, வாங்காதே. விலை பாதிக்குப் பாதி இறங்கினாலும் வாங்காதே. உனக்கு ஆறு பெட்டியும் புதுசு, எது வலு எது நோஞ்சான் என்று உனக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. இந்த மழைக்கு வெறும் பாகு வை, ஆறுக்கும் ஒரே நாளில், விளக்கு வைத்த பிறகு, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல். வாசலை முன்கூட்டியே சுருக்கிவிடு. விடிகாலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடு.

நான் ஏன் அன்றைக்கு ஒரு சொட்டு விட்டேன் என்றால், அந்தப் பெட்டி நாலு நாளாகப் பாகைத் தொடவே இல்லை, தூக்கிப் பார்த்தால் காற்று மாதிரி லேசாக இருந்தது. வேறு வழி தெரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாப் பெட்டிக்கும் வைத்துவிட்டு, இதற்கு மட்டும் அந்தச் சொட்டு. காலையில் கொட்டாங்குச்சி நக்கித் துடைத்தது போலக் காய்ந்து கிடந்தது. என் பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. தை பிறந்து நீ இங்கே வரும்போது அதிலிருந்து காலிப் பெட்டிக்குத் தேய்க்க ஒரு சின்னக் குப்பியில் ஊற்றித் தருகிறேன், பாகுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மட்டும் அதை வைக்காதே.