விடியல் விளக்கு அலாரம்: தரையில் படுப்பவரின் மதிப்புரை

இணையத்தில் 1,850 ரூபாய்க்கு வாங்கியது. அலாரம் அடிக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே மெல்ல எரியத் தொடங்கி, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறி, கடைசியில் வெள்ளையாக நின்று, அப்புறம் பறவைச் சத்தம் போடும் விளக்கு. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏழெட்டுப் பெயர்களில் இதே பொருள்தான் விற்கிறது, பொத்தான்கள்கூட அதே இடத்தில் இருக்கின்றன. ஆகவே எந்தப் பெயரில் வாங்கினாலும் நான் சொல்வது ஓரளவு பொருந்தும்.

எனக்கு இது எதற்கு என்றால், நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன், அதாவது ஆர்டர் கொடுப்பவர்களோடு பேசி வேலையைக் கவனிப்பது. எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஜெர்மனிக்காரர். அவர்களுக்கு மாலை நான்கு மணி என்றால் நமக்கு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் அனுப்பும் கடைசி மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டுத்தான் நான் கிளம்ப முடியும். படுக்கப் பதினொன்றரை தாண்டிவிடும். காலையில் ஐந்துக்கு எழ வேண்டும். நல்ல தண்ணி விடும் நாள் என்றால் நாலரைக்கே. இரண்டு டிபன் பாக்ஸ், பிளஸ் டூ படிக்கும் மகளை எழுப்புவது, மாமியாருக்குச் சுடுதண்ணீர், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் கணவருக்குச் சாப்பாடு. எந்த வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் போன வருஷம் முழுக்க, எழுந்த நிமிடத்திலிருந்தே அலுப்பாக இருந்தது. போனில் ஐந்து அலாரம் வைத்து ஐந்தையும் தூக்கத்திலேயே அணைக்கப் பழகியிருந்தேன்.

கணக்குப் போட்டால்தான் சத்தம் நிற்கும் என்கிற ஆப்பும் பார்த்தாயிற்று. விடிகாலையில் பதினேழையும் நாற்பத்தெட்டையும் கூட்டிச் சரியாகப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறவளை எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது. மேசையிலிருந்து குதித்து உருண்டு ஓடும் சக்கரம் வைத்த கடிகாரம்கூட இருக்கிறது. கௌரி நந்தா என்ற பெண் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது செய்த ‘குளாக்கி’ அது. 2005இல் அதற்கு, நோபலைக் கிண்டல் செய்து சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் பொருளாதாரத்துக்கு! மனிதர்கள் நேரத்துக்கு எழுந்தால் வேலை நேரம் கூடுமாம். எங்கள் வீட்டில் அது உருண்டால் முதலில் போய் நிற்பது மாமியாரின் தலைமாட்டில்தான். அதனால் அதை வாங்கவில்லை.

விளக்குக்கு வருகிறேன். இதன் யோசனை நல்ல யோசனை. நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன் முள்ளைத் திருப்பிக்கொள்கிறது. உடம்பின் அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், வெளிச்சம் பட்டால் குறைகிறது. மூடிய இமை வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும், அதிலும் சிவப்புதான் அதிகம் போகும். ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை ஒரு மணிச் சத்தம் பிடுங்கி எழுப்பினால் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மூளை மந்தமாகவே இருக்கும். வெளிச்சம் முன்கூட்டியே ஏறினால் தூக்கம் கொஞ்சம் லேசாகி, அந்தக் கலக்கம் குறையும் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரி. வீடு வேறு. பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் ஒரு கட்டில், பக்கத்தில் குட்டி மேசை, மேசையில் விளக்கு, கட்டிலில் ஒரே ஒரு ஆள். எங்கள் வீட்டில் ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே மெத்தை விரித்து நான், மகள், மகன், ஓரமாகக் கட்டிலில் மாமியார். விளக்கைத் தொலைக்காட்சி மேசையில் வைத்தால் வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே போய் எதிர்ச் சுவரில் விழுகிறது. போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பை வைத்துப் பார்த்தேன். விளக்குக்கு ஒரு முழம் தூரத்தில் 130 லக்ஸ் காட்டியது, என் தலையணையில் வெறும் 20. போன் அளவு துல்லியமில்லைதான், ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. அப்புறம் முக்காலி ஒன்றை மெத்தைக்குப் பக்கத்தில் போட்டு அதன் மேல் வைத்தேன். வயர் எட்டவில்லை. ஒன்றரை மீட்டர் கூட இல்லாத வயர் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தனிச் செலவு.

எட்டிய பிறகு, சரியாக எரிந்தது. எழுந்தது யார் என்பதுதான் விஷயம். முதலில் மாமியார் எழுந்தார். அவருக்குத் தூக்கமே ஈசல் மாதிரி, தொட்டால் இறகு உதிர்ந்துவிடும். நாலரைக்குச் சிவப்பு வெளிச்சம் தெரிந்ததும், “ஏம்மிணி, சாமி ரூம்ல வெளக்கு விழுந்து கிழுந்து போச்சா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்து மகன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எழ வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் விளக்கு நிறம் மாறுவதை வேடிக்கை பார்க்கத் தானாக எழுந்துகொண்டான். மகள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். நான் மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தேன்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. விடியும் முன் எரியும் விளக்கு அந்தத் தெருவிலேயே இது ஒன்றுதான் போல. ஜன்னல் வலையில் இருந்த ஓட்டை வழியாகப் பூச்சிகள் எல்லாம் வந்து இதன் மேல் மொய்த்தன. மின்சாரம் போனாலும் பயனில்லை. உள்ளே சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கிறது, அது மணியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். விளக்கும் எரியாது, பறவையும் கத்தாது. ஆகவே போன் அலாரத்தையும் வைத்தே ஆக வேண்டும். ராத்திரி முழுக்க மணி காட்டும் எண்களின் வெளிச்சத்தை மூன்று அளவுகளில் குறைக்கலாம், முழுதாக அணைக்க முடியாது. தூங்குவதற்காக வாங்கும் பொருளில் இது மன்னிக்க முடியாத குறை. நான் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

பறவைச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஊர்ப் பறவையோ, பதினைந்து நொடிக்கு ஒருமுறை அதே கூவல் திரும்புகிறது. வெளியே வேப்பமரத்தில் கரிச்சான் விதவிதமாகக் கத்திக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்பது எரிச்சல். எஃப்.எம். பரவாயில்லை, கோவை நிலையங்கள் சுத்தமாக எடுக்கின்றன.

இந்த மாதிரி விளக்கு பிறந்த இடம் வேறு என்பதைச் சொல்ல வேண்டும். லண்டனில் டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், ஜூனில் ஐந்துக்கு முன்பே வந்துவிடும். வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டில் இருக்கும் லாங்யர்பியன் என்ற ஊரில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பத் தலைகாட்டும். பிலிப்ஸ் கம்பெனி 2010இல் தன் விளக்கை அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துத்தான் பரீட்சை செய்து விளம்பரம் பண்ணியது. அங்கே இது தேவை. நமக்கு வருஷம் முழுக்கச் சூரியன் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்துவிடுகிறது, கோடைக்கும் மார்கழிக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. பெரிய கம்பெனி விளக்கே அதிகபட்சம் 300 லக்ஸ் என்றுதான் போட்டிருக்கிறார்கள். மேகமூட்டமான காலையில் மொட்டை மாடிக்குப் போய் நின்றால் ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கும், வெயில் ஏறினால் லட்சத்தைத் தொடும். ஆறரைக்கு மாடியில் துணி காயப்போடும் பத்து நிமிடம், என் கலக்கத்தைப் போக்குவதில் இந்த விளக்கைவிட மேல். சிக்கல் என்னவென்றால் எனக்கு ஐந்துக்கு எழ வேண்டும், சூரியன் ஆறுக்குத்தான் வருகிறது. அந்த ஒரு மணி நேர இடைவெளிக்காகத்தான் இதை வாங்கினேன்.

அந்த இடைவெளியில் இது உதவியதா? படுக்கையை மாற்றி, மகனை அந்தப்பக்கம் தள்ளி, விளக்கை என் முகத்துக்கு நேராக வைத்த பிறகு, உதவியது. சத்தம் வருவதற்கு முன்பே கண் விழித்துவிடுவேன். திடுக்கிட்டு எழும் அந்த நெஞ்சுப் படபடப்பு இல்லாமல் போனது. மேல்பக்கத்தைத் தட்டினால் ஒன்பது நிமிடம் ஸ்னூஸ் ஆகும், தட்டுவது குறைந்தது. இவ்வளவுக்கு இரண்டரை ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் கண் விழிப்பது வேறு, அலுப்பில்லாமல் இருப்பது வேறு. பெட்டியில் ‘புத்துணர்ச்சியோடு எழுங்கள்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கண் திறந்திருக்கும், கை கால் எழாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாமியாரின் கட்சி, “நேரத்துல படுத்தாத்தான நேரமே எந்திரிக்க முடியும், வெளக்கு என்ன பண்ணும்?” என்பது. அதில் பாதி நியாயம் உண்டு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், எனக்குக் கிடைப்பது ஐந்தரை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்கினாலும் அதே அலுப்பு இருந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது?

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது இருப்பதாக மத்திய அரசின் குடும்பநல ஆய்வே சொல்கிறது, ஆகவே இதைப் படிப்பவர்களில் பல பேர் என் ஜாதிதான். டாக்டர் அம்மா தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். “டீயையும் மாத்திரையையும் சேர்த்து வெச்சுக்காதீங்க, சாப்பாட்டோடயும் டீ வேண்டாம்” என்றார். டீ இரும்பை உடம்பில் ஏறவிடாதாம். நான் காலையில் எழுவதற்காகக் குடிப்பதே டீதான்! இப்போது டீ முதலில். ஒரு மணி நேரம் தாண்டி, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு மாத்திரை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். நல்லவேளை. இரண்டாவது மாதத்தில் படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. ஐந்து மணிக்கு எழுவது இன்னமும் பிடிக்கவில்லை, ஆனால் எழ முடிகிறது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 1,850 ரூபாய் விளக்குக்கு விமர்சனம் எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. குறட்டை விட்டுக்கொண்டே நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் என்றால் அதற்கும் தனியாகப் பார்க்க வேண்டும். இராத்திரி முழுக்கத் தூங்கியும் பகலில் தூங்கி விழுவார்கள். எந்த அலாரமும் அதற்கு மருந்தில்லை.

கடைசியில் இந்த விளக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. என் கணவர் நிட்டிங்கில், அதாவது துணி பின்னும் மெஷினில் இருக்கிறார். இரவு எட்டுக்கு மெஷினில் நின்றால் காலை எட்டு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, சாயங்காலம் ஐந்துக்கு எழ வேண்டும். உள் அறை ஜன்னலுக்குப் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் அவரைத் தூங்கவிடாது. அந்த இருட்டில் எழுந்தால் மணி என்ன, பகலா இரவா என்றே அவருக்குத் தெரியாது. எழுந்து அரை மணி நேரம் யாரிடமும் பேசமாட்டார். ஒரு நாள் விளக்கை அங்கே வைத்துப் பார்த்தோம். சின்ன அறை, ஒரே ஆள், கட்டில், பக்கத்தில் ஸ்டூல். பெட்டியில் போட்டிருந்த படம் அப்படியே! ஐந்துக்கு எழுந்து வந்து, “டீ இருக்குங்களா?” என்று மாமியாரிடம் கேட்டாராம். அத்தை எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அது அவருடையது. நான் பழையபடி போனில் அலாரம் வைக்கிறேன், ஒன்றே ஒன்று, அதுவும் சமையலறையில்.

ஆகவே, ஏசி போட்டுக் கனத்த திரை போட்ட அறையில் தனியாகவோ இரண்டு பேராகவோ கட்டிலில் படுப்பவர்கள், ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்குபவர்கள், ஜன்னல் இல்லாத ஹாஸ்டல் அறையில் இருப்பவர்கள் வாங்கலாம், நாலு ஸ்டார். ஹாலில் வரிசையாகப் படுக்கும் குடும்பங்களுக்குச் சரிப்படாது. வாங்குபவர்கள் மணி எண்களை முழுதாக அணைக்க முடிகிறதா, வயர் எத்தனை மீட்டர், அடாப்டர் கூடவே வருகிறதா என்று மூன்றையும் விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்களுக்கு அடாப்டர் வரவில்லை, பழைய போன் சார்ஜரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.