ஜெர்மனியில் முதல் வருடம்: நம்மாட்கள் வீடா, வேகே அறையா?

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு ஆகும் என்பதைத்தான். யாரோடு தங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த ஊரின் அன்றாடம் உங்களுக்குப் பிடிபடுமா, இல்லை வருடக்கணக்கில் வெளியாளாகவே இருப்பீர்களா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நான் முதலில் நம் ஊர்ப் பையன்களோடு இருந்தேன், அப்புறம் ஜெர்மன்காரர்களோடு ஒரு வேகேயில் (அதாவது ஒரே வீட்டில் ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது). என் ஓட்டு வேகேக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனி வீடு என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. வந்தவுடன் அது வேண்டாம். வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறையே இருக்காது, அடுப்பு, சிங்க் எல்லாம் நீங்கள்தான் வாங்கிப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் காலி செய்கிறவரிடம் விலை பேசி எடுத்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். சம்பளச் சீட்டு, கடன் வரலாற்றைக் காட்டும் ஷூஃபா அறிக்கை என்று கேட்பார்கள், புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. காலி செய்ய மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனியே சாமான்களோடு வீடு கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

நம்மாட்கள் வீட்டில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்து இறங்கிய அன்றே சாம்பார் சாதம் கிடைக்கும், எந்தக் கடையில் பொன்னி அரிசி இருக்கிறது, சிம் கார்டு எங்கே வாங்குவது என்பதெல்லாம் ஒரே மாலையில் தெரிந்துவிடும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கும். பொருட்செலவும் குறைவு. முதல் சில வாரங்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கேயே இருந்துவிட்டால் ஒரு சிக்கல் உண்டு, வீட்டைப் பராமரிக்கிற விதம் நம் ஊர் விதமாகவே தங்கிவிடும். இங்கே ஒரு வாடகைதாரரை அக்கம்பக்கம் மதிப்பதும் மதிக்காததும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இங்கே ஜன்னலை விரியத் திறந்து, முடிந்தால் எதிர் ஜன்னலையும் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றோட விட்டு மூடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கும், அந்த நேரத்தில் ஹீட்டரைக் குறைத்துவிடுவார்கள். குளிருக்குப் பயந்து மூடியே வைப்பதும், மேல்பக்கம் மட்டும் லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவதும் இரண்டுமே கெடுதல், சாய்த்து விட்டால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் சில்லிட்டுப் போய் அங்கே ஈரம் படியும். நம் சமையலை நினைத்துப் பாருங்கள்: இட்லி ஆவி, குக்கர் விசில், ரசம் கொதிப்பது, போதாததற்கு அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காய்கிறது. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சி இருந்தாலும், பல வீடுகளில் அது காற்றை வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிற ரகம், ஆவி வெளியே போகாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். நான்கு பேர் இருந்த வீடு, ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

வேகேயில் இதை முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். குளித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, கண்ணாடியில் இருக்கிற தண்ணீரை ரப்பர் துடைப்பானால் வழித்துவிடு என்று குளியலறைக்கே வந்து காட்டித் தந்தார் என் கூட இருந்தவர். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தவும் அவரே கேட்டுக்கொண்டார், முகத்தைச் சுளிக்காமல்.

குப்பையும் அப்படியே. காகிதம் தனி, கறிவேப்பிலைக் காம்பும் காய்த்தோலும் தனி, பிளாஸ்டிக்கும் டின்னும் தனி, மிச்சம் தனி. கண்ணாடிப் பாட்டில்களை நிறம் பார்த்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போட்டால் சத்தத்துக்காகவே திட்டு விழும். டெபாசிட் உள்ள பாட்டில்களை மட்டும் கடை எந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் கிடைக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம் கூடுதலாகக் கேர்வோகே என்று ஒன்று உண்டு, நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களில் முறைவாசல் வருமே, அதேதான். உங்கள் வாரம் என்றால் கதவில் ஒரு பலகை தொங்கும், படிக்கட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு அதைப் பக்கத்து வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். பல வீடுகளில் பனி விழுந்தால் நடைபாதையைச் சுரண்டுவதும் குடியிருப்பவர் பொறுப்புதான். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்க டிரில் போடக் கூடாது, அன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டும் பூட்டியிருக்கும். இதெல்லாம் இணையத்தில் படித்தால் சட்டதிட்டம் மாதிரி பயமுறுத்தும். பக்கத்து அறையில் ஒருவர் செய்வதைத் தினமும் பார்த்தால் தானாகக் கைவந்துவிடும். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் துப்புரவு அட்டவணையில் உங்கள் பெயரும் இருந்துவிட்டால் போதும்.

தபால் விஷயத்திலும் வேகேதான் கை கொடுக்கும். இங்கே எல்லாமே கடிதம். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று ஒரு கடிதம் வரும், மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு, மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு 6.12 யூரோதான். இரவு எல்லோரும் ரொட்டியும் சீஸும் வைத்துச் சாப்பிடும்போது கடிதத்தை நீட்டினால் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார்கள், அந்தப் பேச்சிலேயே ஜெர்மனும் வளரும்.

வேகேயில் குறை என்றால் அறை கிடைப்பதுதான். நேர்காணல் மாதிரி கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்துப் பேசிப் பார்ப்பார்கள், பலர் வந்துபோன பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். விண்ணப்பத்தை ஜெர்மனில் எழுதுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, என்ன சமைப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடகையைப் பகிர மட்டும் சேர்ந்த, ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாத வேகேகளும் உண்டு. அப்படிப்பட்டதில் சேர்ந்தால் நான் சொன்னதில் பாதி கிடைக்காது, விளம்பரத்துக்குப் பதில் எழுதும்போதே அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெர்லின், ஹாம்பர்க் நிலவரம் எனக்கு நண்பர்கள் சொல்லித்தான் தெரியும், அங்கே முறைவாசல் தொல்லை இல்லை என்கிறார்கள். குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு வேகே சரிப்படாது, அவர்கள் கணக்கே வேறு.

எந்த அறையாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா என்பது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், வரி எண் தபாலில் வருவது அதற்குப் பிறகுதான். முடியாது என்று சொல்கிற அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நேரிலோ, நம்பிக்கையான ஒருவரை அனுப்பியோ அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது.