இடிக்கப்போகிற கட்டிடம், பழைய லிஃப்ட், செக்காலை ரோட்டு மெக்கானிக்

காரைக்குடி செக்காலை ரோட்டை ஒட்டின சந்து ஒன்றில் சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. போர்டு வெயிலில் வெளுத்துப்போய்ப் பெயரே படிக்க முடியாது. பழைய லிஃப்ட், செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்குகிற சாதனம்), வின்ச் எல்லாம் பார்க்கிறார்கள். வேலை சுத்தம், பில் விஷயத்தில் சொதப்பல். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கணக்குப் பார்க்கிற கட்டிடம் மூன்று மாடி. கீழே துணிக்கடை, மேலே இரண்டு தளமும் பழைய சாமான் குடோன், பர்மா தேக்குக் கதவு, தூண், இரும்புப் பெட்டி என்று எல்லாமே கனம். பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள், தை பிறந்ததும் காலிசெய்து இடிக்கப் போகிறார்கள். லிஃப்ட் கொலாப்சிபிள் கேட் போட்ட அந்தக் காலத்து ஆள். முன்பு மெயின்டனன்ஸ் பார்த்த கம்பெனியிடம் இடிக்கப்போகும் விஷயத்தைச் சொன்ன அன்றோடு அவர்கள் வரத்து குறைந்தது. கேட்டால் "அதான் இடிக்கப் போறீங்களே சார், எதுக்கு வீண் செலவு" என்று பதில். போகட்டும் என்றால், கேட் சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகர வேண்டும் என்று வைத்திருக்கிற காண்டாக்டில் ஒரு துண்டு ஒயரைக் கொடுத்து நேராக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட் திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஏறும். குடோன் பையன்கள் இதை வசதி என்று நினைத்திருக்கிறார்கள்!

அந்த "எதுக்கு வீண் செலவு" என்ற பேச்சைக் கேட்டு எகிறியவர் என் மாமனார். கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக, அதாவது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற மெஷினை ஓட்டுபவராக இருந்தவர், 2001 பிப்ரவரி 28 அன்று மைனை மூடின பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அங்கே பல வருஷம் ஓடியது, அத்தனை வருஷமும் ஆட்களை இறக்கி ஏற்றியவர் அவர். அங்கிருந்த சாம்பியன் ரீஃப் மைன் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்துக்கு ஒரே ரோப்பில் (இரும்புக் கம்பிவடம்) போக முடியாது, நீளம் கூடக்கூட ரோப்பின் சொந்த எடையே ஆள் ஏறுகிற கூண்டான கேஜின் எடையைத் தாண்டிவிடும் என்பதால் நடுவில் இறங்கி, உள்ளேயே தோண்டின இன்னொரு ஷாஃப்டுக்கு (செங்குத்துக் குழி) மாறித்தான் அடிமட்டம் போவார்களாம். காசில்லாத காலத்தில் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடு, ஷாஃப்டையும் ரோப்பையும் தள்ளிப்போடாதே என்பது அவர் கட்சி. தாது எடுப்பதை நிறுத்தினாலும் தண்ணீர் ஊறுவது நிற்காது, பம்ப் பார்க்க ஆள் இறங்கியே ஆக வேண்டும். அப்புறம் கீழே கிடக்கிற பம்ப், மோட்டார், கேபிள், தண்டவாளம் எதை மீட்பதானாலும் அதே வழியாகத்தான் மேலே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் கழற்றுகிற சாமான் அந்த ஏற்றி இறக்குகிற மெஷினான ஹாய்ஸ்ட்தான், அதன் கடைசி மாதங்களில்தான் வழக்கமாக ஏற்றாத கோணல்மாணலான பாரமெல்லாம் அதில் ஏறும். எங்கள் குடோன் கதையும் அச்சு அசல் இதுதானே. எல்லாத் தேக்கும் இனிமேல்தான் இறங்க வேண்டும்.

சரி, மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். வந்த தம்பி முதலில் லைசென்ஸைக் கேட்டார், அப்புறம் அந்த ஒட்டு ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். மேலே மெஷின் ரூமில் லிஃப்டை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, ரோப்பைப் பழைய வேட்டித் துணியால் சுற்றிப் பிடித்துத் துடைத்துக்கொண்டே வந்தார். அறுந்த கம்பி இருந்தால் துணியில் நூல் மாட்டும். இரண்டு இடத்தில் மாட்டியது. அதைவிட அவரை யோசிக்க வைத்தது துணியில் ஒட்டின சிவப்புப் பொடி. புரிகளுக்குள் கம்பியோடு கம்பி உரசித் தேய்கிறபோது வருகிற துரு அது. வெர்னியரை எடுத்து விட்டத்தை அளந்து சுவரிலேயே எழுதி வைத்தார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நல்லா கிரீஸ் அப்புங்க" என்றார்.

"ஐயா, உங்க மைன்ல ரோப் டிரம்முல சுத்தும். இங்க புல்லியோட உராய்ஞ்சுதான் இழுக்குது. அப்புனா வழுக்கிரும்" என்றார் அவர். கம்பிக்குள் இறங்குகிற மாதிரி அதற்கென்று உள்ள எண்ணெயை லேசாகத் தொட்டு வைத்தார். மாமனார் ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, சுரங்க விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஜ் முனையில் ரோப்பைக் கொஞ்சம் வெட்டி மறுபடி கேஜோடு பிணைக்கிற கேப்பிங் போடுவதையும், வெட்டின துண்டைப் புரி புரியாகப் பிரித்து உள்ளே நடுவில் இருக்கிற சணல் காய்ந்திருக்கிறதா, கம்பி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியே கிரீஸில் பளபளத்துக்கொண்டு உள்ளே செத்துப்போன ரோப்பைப் பார்த்திருக்கிறாராம். மெக்கானிக் தம்பி வேலையை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார், எனக்கு விசிட் சார்ஜ் ஓடுகிற கவலை.

கியர் பாக்ஸிலிருந்து கசிந்த ஆயில் பிரேக் லைனிங் வரை போயிருந்தது. சீல் மாற்றி, லைனிங்கும் புதிதாகப் போட்டார். ரிலே ஒன்று போயிருந்தது, அந்த மாடல் இப்போது கிடைக்காது, கழற்றிப்போட்ட வேறு லிஃப்டிலிருந்து எடுத்து மாட்டினார். அதே மாதிரி ரோப்பும் செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா, சில மாதம்தானே என்று நான் கேட்டதற்கு முடியாது என்று ஒரே வார்த்தை. புது ரோப் போட்டாயிற்று. கட்டிடக்கார ஆச்சியிடம் பணம் கேட்டு வாங்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது, அது தனிக் கதை.

குறைகளும் உண்டு. விசிட்டுக்கு 800 ரூபாய் என்று சொல்லிவிட்டு உதிரிச் சாமானுக்குத் துண்டுச் சீட்டில் பில் எழுதுகிறார்கள், ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் அலைய வேண்டும். லாக் புக்கில் "செக் செய்தேன், ஓகே" என்று ஒற்றை வரி. எதைப் பார்த்தார், எவ்வளவு தேய்ந்திருந்தது என்று நான் பக்கத்தில் நின்று எழுத வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நல்ல வேலைக்காரர் சுவரில் எழுதுகிறார், நோட்டில் எழுத மாட்டேன் என்கிறார்.

காலிசெய்கிற வரிசையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கனமான சாமானை முதலில், ரோப்பும் பிரேக்கும் பார்த்த சூட்டோடு இறக்கிவிட வேண்டும். நீளமான தூணைக் கேட் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு ஏற்றவே கூடாது, அதற்குச் செயின் பிளாக். இரும்புப் பெட்டியை நடுவில் வைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் லிஃப்ட் பெட்டி சாய்ந்து, அது ஓடுகிற பக்கவாட்டுத் தண்டவாளமான கைடைக் கடிக்கும். மெஷினைக் கழற்றுகிற நாள் வரை மாதாமாதம் வருவதாகப் பேச்சு, இதுவரை தவறவில்லை. வருஷக் காண்டிராக்ட் வேண்டாம், மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டார். காலையில் நேரில் போய்விடுவது நல்லது, போகும்போது லிஃப்ட் லைசென்ஸ் நகல் கையில் இருக்கட்டும்.