நியூ ஹார்மனி: ராப்பின் பத்து ஆண்டுகளும் ஓவனின் இரண்டு ஆண்டுகளும்

அமெரிக்காவின் இண்டியானாவில், வாபாஷ் ஆற்றங்கரையில் நியூ ஹார்மனி என்றொரு சிற்றூர். தனிச்சொத்து இல்லாத வாழ்வை இரண்டு கூட்டத்தார் அங்கே அடுத்தடுத்து முயன்று பார்த்தார்கள். அதே வயல், அதே வீடுகள். எனவே தோல்விக்கு நிலத்தின் மேல் பழிபோட வழியில்லை.

1814-ல் முதலில் வந்தவர்கள் ஜார்ஜ் ராப்பின் ஜெர்மானியப் பக்தர்கள். கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டதாக நம்பியவர்கள். 1807-லேயே பிரமச்சரியம் ஏற்றவர்கள். மலேரியா பலரைக் கொண்டுபோயும் அசரவில்லை. காட்டைத் திருத்தி, திராட்சை பயிரிட்டு, ஆலைகள் கட்டி, செழிப்பான ஊராக்கினார்கள். ஆனால் ராப் சொன்னதுதான் அங்கே சட்டம்.

1825-ல் ஊரையே விலைக்கு வாங்கினார் ராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் பஞ்சாலையை நடத்தியவர். சூழலைச் சீராக்கினால் மனிதனும் சீராவான் என்பது அவர் கொள்கை. ‘வாருங்கள்’ என்றார், சில வாரங்களில் சுமார் 800 பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் போதவில்லை. ராப் விட்டுப்போன ஆலைகள் சில சும்மா கிடந்தன. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பதில் ஓயாத சண்டை. இதற்கிடையில் ஓவனே பல மாதங்கள் ஊரில் இல்லை! திரும்பி வந்து சாசனத்தை மாற்றி மாற்றி எழுதியும் பயனில்லை. 1827-ல் எல்லாம் கலைந்தது.

நிலைத்து நின்றதை மட்டும் பார்த்தால் ராப்தான் வென்றார். முன்பு இருந்த பென்சில்வேனியாவுக்கே திரும்பிய அவருடைய சங்கம் 1905 வரை இருந்தது. ஆனால் பிள்ளைகள் பிறக்காத, புதியவர்கள் அதிகம் சேராத சங்கம் அது, முதுமையில் கரைந்துபோனது.

என் மனம் ஓவன் பக்கமே சாய்கிறது, ஒரு பெரிய குறையோடு: எல்லோருக்கும் சமத்துவம் என்ற அவருடைய சாசனம் கறுப்பின மக்களை உறுப்பினராக ஏற்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. ஆனாலும் அவரை நம்பி 1826-ல் படகேறி வந்த வில்லியம் மக்லூர், தாமஸ் சே போன்ற அறிஞர்கள் அந்த ஊரில் தொடங்கிய பள்ளி, இயற்கை ஆய்வு வேலைகள் சோதனை தோற்ற பிறகும் தொடர்ந்தன. உழைப்பாளிகள் படிப்பதற்காக மக்லூர் 1838-ல் தொடங்கிய நூலகம் இன்றும் அங்கே திறந்திருக்கிறது.