ஸ்டீபன்சனா, வால்ஷர்ட்ஸா: ஆயில் கேன் எட்டுமா என்பதுதான் கேள்வி

குன்னூரில் என் வீட்டுப் பின்கட்டில் இரண்டு குட்டி நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன. இரண்டும் நானே லேத்தில் கடைந்தவை. முதலாவதில் ஸ்டீபன்சன் வால்வு கியர், அதாவது நீராவி வால்வை இயக்கும் கம்பி அமைப்பு. இரண்டாவதற்கும் அதையே போடலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, வால்ஷர்ட்ஸ் என்ற இன்னொரு வகைக்கு மாறினேன்.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: பிஸ்டனின் எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரம் நீராவி போக வேண்டும் என்பதை வால்வுக்குச் சொல்வது, வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது. ஸ்டீபன்சன் 1842, வால்ஷர்ட்ஸ் 1844 என்று வயதிலும் கிட்டத்தட்ட இரட்டையர்.

ஸ்டீபன்சனில் சிலிண்டருக்கு இரண்டு எக்சென்ட்ரிக், அதாவது ஆக்சிலில் மையம் தள்ளிப் பொருத்திய வட்டத் தட்டு. முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று. இரண்டு சிலிண்டருக்கு ஆக மொத்தம் நான்கும் என் எஞ்சினில் ஆக்சிலின் மேல், பிரேமுக்குள், பாய்லருக்கு அடியில். வால்ஷர்ட்ஸில் பக்கத்துக்கு ஒரு ரிட்டர்ன் கிராங்க் என்ற சிறு கை, அதுவும் சக்கரத்துக்கு வெளியே. அது லிங்க் என்ற வளைந்த துண்டை ஆட்டும். பிஸ்டனோடு போய்வரும் கிராஸ்ஹெட்டிலிருந்து இன்னோர் அசைவு வரும். இரண்டையும் கூட்டி வால்வுக்குக் கொடுப்பது காம்பினேஷன் லீவர்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. போன டிசம்பரில் பழைய எஞ்சினின் உள்பக்க எக்சென்ட்ரிக் ஒன்று எண்ணெயில்லாமல் காய்ந்து கீச்சிட்டது. ஆயில் கேனின் மூக்கு எட்டவில்லை. பாய்லர் தண்ணீரை வடித்து, துண்டு விரித்து, எஞ்சினை மல்லாக்கப் போட வேண்டியதாயிற்று. ஒரு சொட்டு எண்ணெய்க்கு அரை நாள்! புதியதில் ஒவ்வொரு மூட்டும் கண்ணெதிரே. ஒரு சுற்று சுற்றி வந்தால் முடிந்தது.

மலை ரயிலின் எஞ்சின் கல்லாரிலிருந்து பல்சக்கரப் பாதையில், 12 அடிக்கு ஓரடி ஏற்றம் ஏறி, இங்கே வந்து நிற்கும்போது பாருங்கள். தண்டவாளச் சக்கரங்களுக்கு இரண்டு, பல்சக்கரத்துக்கு இரண்டு என நான்கு சிலிண்டர். அத்தனை கம்பிகளும் வெளியே. ஆயில் கேனோடு நிற்பவர் குனிந்தால் போதும்.

ஸ்டீபன்சனுக்கும் ஒரு நியாயம் உண்டு. திசை மாற்றும் ரிவர்சிங் லீவரை நடுப்பக்கம் இழுக்க இழுக்க அதில் லீடு கூடும்; அதாவது பிஸ்டன் முனையில் இருக்கும்போதே வால்வு சற்று அதிகம் திறந்திருக்கும். வேகத்துக்கு நல்லது. வால்ஷர்ட்ஸில் லீடு மாறாது. என் பன்னிரண்டு மீட்டர் தண்டவாளத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நீளமாக ஓட்டுபவர்கள் வேறு சொல்லலாம்.

வெளியே இருப்பதால் அடிபடும், அது உண்மை. போன மாதம் பேரன் கால் பட்டு ரிட்டர்ன் கிராங்க் நகர்ந்துவிட்டது. பிஸ்டனை முன்முனையிலும் பின்முனையிலும் நிறுத்தி, லிங்க் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து முறுக்கினேன். அடுப்பில் வைத்த டீ பொங்குவதற்குள் முடிந்தது.