மண்டேலா விடுதலை: நடைபாதையா, மேடையா?

சிறையில் இருந்த மண்டேலாவை விடுவிக்கச் சொல்லி லண்டனில் இரண்டு வழிகளில் குரல் எழுந்தது: ஒன்று நடைபாதையில், இன்னொன்று மேடையில். கைதிகளுக்கு எது அதிகம் உதவும்? முதலில் நடைபாதை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தூதரகம். 1986 ஏப்ரல் 19 அன்று அதன் வாசல் நடைபாதையில் ஒரு கூட்டம் பேனரோடு வந்து நின்றது. மண்டேலா வெளியே வரும்வரை நகர மாட்டோம் என்றார்கள். சும்மா சொல்லவில்லை, 1990 பிப்ரவரி வரை, இரவு பகலாக, முறை போட்டு நின்றார்கள். பாட்டு, மெகாஃபோன், போகிறவர்களிடம் மனுவில் கையெழுத்து, அவ்வப்போது கைது. 1987இல் போலீஸ் அங்கிருந்து அப்புறப்படுத்தியும் திரும்ப வந்துவிட்டார்கள். நின்றவர்களில் பலர் இளைஞர்கள். பனி கொட்டும் இரவில் ஷிஃப்டுக்கு யார் வருவது என்பதுதான் அவர்களின் அன்றாடக் கவலையாக இருந்திருக்கும்.

இன்னொரு வழி, 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரி. மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு, ஒரே நாள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் டிவியில் ஓடியது. நடைபாதைக்காரர்கள் நான்கு வருடம் கத்தினாலும் இந்த வீச்சு கிடைத்திருக்காது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: அமெரிக்காவில் ஃபாக்ஸ் டிவி அரசியல் பேச்சுகளை வெட்டி, வெறும் பாட்டு நிகழ்ச்சியாகக் காட்டியது. மெகாஃபோனை யாரும் எடிட் செய்ய முடியாதே!

இன்னொன்று: மேடையில் பெரிதாகத் தெரிந்தது மண்டேலா என்ற ஒரே முகம். நடைபாதையிலோ ‘ஷார்ப்வில் அறுவர்’ என்று அழைக்கப்பட்ட, தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் ஊரைச் சேர்ந்த, தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த ஆறு கைதிகளுக்காகவும் குரல் எழுந்தது. பெயர் தெரியாத கைதிக்கு எது உதவும் என்று கேட்டால், நான் நடைபாதைப் பக்கம்தான். சரி, மண்டேலாவின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது வெம்ப்ளிதான், அதையும் மறுக்க முடியாது.