பென் யூனிவர்சிட்டி சிஎஃப்பி லிஸ்ட்: மூணு வருஷமா யூஸ் பண்ற ஒரு பிஎச்டி ஸ்காலரோட ரெவ்யூ

இங்கிலீஷ் லிட்டரேச்சர்ல பிஎச்டி பண்றவங்க, எம்.ஏ ரெண்டாவது வருஷத்துல அடுத்து என்னன்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இதை டைப் பண்றேன். போனுக்கும் மிக்ஸிக்கும் ஆயிரம் ரெவ்யூ இருக்கு, நம்ம படிப்புக்கு எந்தக் கதவு எங்க திறந்திருக்குன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. எனக்கும் முதல் வருஷம் யாரும் சொல்லல, டிபார்ட்மெண்ட் லைப்ரரில பக்கத்து சீட்ல உக்காந்திருந்த சீனியர் அக்கா ஒருத்தங்கதான் "இதைப் பாத்திருக்கியாடி"ன்னு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாங்க.

அமெரிக்கால ஃபிலடெல்ஃபியால இருக்கிற பென்சில்வேனியா யூனிவர்சிட்டி இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் 90கள்லேர்ந்து நடத்திட்டு வர்ற சர்வீஸ் இது. கான்ஃபரன்ஸ், ஜர்னல் ஸ்பெஷல் இஷ்யூ, கட்டுரைத் தொகுப்பு, இதுக்கெல்லாம் பேப்பர் கேட்டு வர்ற அறிவிப்புகளை (கால் ஃபார் பேப்பர்ஸ், சுருக்கமா சிஎஃப்பி) ஒரே வெப்சைட்ல போடுறாங்க. படிக்கிறதுக்கு பைசாவும் வேணாம், அக்கவுண்டும் வேணாம். விக்டோரியன், ரொமான்டிக், மெடீவல்னு காலவாரியா பாக்கலாம், போஸ்ட்கலோனியல், சில்ட்ரன்ஸ் லிட்டரேச்சர், ஈகோகிரிட்டிசிசம், டிராவல் ரைட்டிங்னு சப்ஜெக்ட்வாரியாவும் பாக்கலாம், அப்புறம் கிராஜுவேட் கான்ஃபரன்ஸ்னே தனியா ஒரு பிரிவு இருக்கு, நமக்கு அதுதான் முக்கியம், ஏன்னா அது ஸ்டூடண்ட்ஸே நடத்தி ஸ்டூடண்ட்ஸ்கிட்டயே பேப்பர் கேக்கிற கான்ஃபரன்ஸ், அங்க உங்க பேருக்கு முன்னாடி டாக்டர் இல்லையேன்னு யாரும் பாக்க மாட்டாங்க.

இது எனக்கு ஏன் இவ்ளோ பெருசா படுதுன்னா அதுக்கு முன்னாடி நான் பாத்தது வேற. பிஎச்டி சேந்த ஆறாவது மாசம் ஒரு காலேஜ்ல "இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்"னு போனேன், பேர் வேணாம். 1,500 ரூபா ஃபீஸ், காலைல ஒரு பை, நோட்பேடு, பேனா, மதியம் சாப்பாடு டோக்கன். பேரலல் செஷன்ல ஒரு கிளாஸ்ரூம்ல எங்க பத்து பேரை உக்கார வெச்சு ஆளுக்கு ஏழு நிமிஷம்னாங்க, அது அஞ்சாச்சு, கடைசில "மேம் கன்குளூஷன் மட்டும் படிங்க"ன்னாங்க. ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சு எழுதின பேப்பர் அது. ஒரு கேள்வி வரல. செஷனுக்குத் தலைமை தாங்கின சார் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட்டுட்டே இருந்தாரு. அப்புறம் ஐஎஸ்பிஎன் நம்பரோட ப்ரொசீடிங்ஸ் புக் வந்துச்சு, என் கட்டுரைல நான் விட்ட ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட அப்படியே அச்சாயிருந்துச்சு. எனக்குக் காசு போனதுல கோவம் இல்ல, என் பேப்பரை ஒருத்தர் கூடப் படிக்கலங்கிறதுதான் பஸ்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் நெஞ்சுல நின்னுச்சு.

இந்த லிஸ்ட்ல வர்ற ஒரு நல்ல அறிவிப்பைப் படிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். முதல்ல ரெண்டு மூணு பாரால இந்தத் தலைப்பு ஏன் இப்போ முக்கியம், இதுவரைக்கும் என்ன பேசியிருக்காங்க, இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு எழுதியிருப்பாங்க. அதுவே ஒரு குட்டிப் பாடம், நான் என் தீசிஸ் முதல் சாப்டருக்குப் படிக்க வேண்டியவங்க பேர்ல பாதியை இந்த அறிவிப்புகள்லேர்ந்துதான் எடுத்தேன், நான் பேப்பர் அனுப்பாத அறிவிப்புகள்லேர்ந்து கூட. கடைசில 250 இல்ல 300 வார்த்தைல ஒரு அப்ஸ்ட்ராக்ட் (பேப்பர்ல என்ன சொல்லப் போறோம்ங்கிற சுருக்கம்), சின்னதா ஒரு பயோ. அவ்ளோதான் கேப்பாங்க. முழு பேப்பர் அப்போ வேணாம், ஃபீஸும் அப்போ கேக்க மாட்டாங்க, முதல்ல படிச்சுப் பாத்து வேணும் வேணாம்னு சொல்லுவாங்க.

நான் அனுப்பின முதல் அப்ஸ்ட்ராக்ட் ரிஜெக்ட் ஆச்சு. ஆனா அந்த மெயில்ல ரெண்டு வரி இருந்துச்சு, உங்க கேள்வி நல்லாருக்கு, ஆனா எந்த டெக்ஸ்டை வெச்சு பேசப் போறீங்கன்னே தெரியலன்னு. யாரோ உக்காந்து படிச்சிருக்காங்க! அதை பிரிண்ட் எடுத்து டேபிள்ல ஒட்டி வெச்சேன். அடுத்த தடவை அதே விஷயத்தை (தமிழ் நாவல்களை இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கும்போது சாப்பாட்டுப் பேருங்களை என்ன பண்றாங்க, கூழ்ங்கிறது போரிட்ஜ் ஆகும்போது என்ன தொலையுது) ரெண்டே ரெண்டு நாவல்னு சுருக்கி வேற ஒரு கிராஜுவேட் கான்ஃபரன்ஸுக்கு அனுப்பினேன், எடுத்துக்கிட்டாங்க. ஆன்லைன்தான், ஏப்ரல் மாசம், அவங்களுக்குக் காலைல பத்து மணி, நமக்கு ராத்திரி ஏழரை. 20 நிமிஷம்னா 20 நிமிஷம் குடுத்தாங்க, டபுள் ஸ்பேஸ்ல எட்டு பக்கம் எழுதிட்டுப் போனா சரியா இருக்கும், அதுக்கு மேல எழுதாதீங்க, மூச்சு வாங்கும். பேசி முடிச்சதும் நைஜீரியன் நாவல்கள்ல வேலை பண்ற ஒரு பொண்ணு, அவங்க ஊர்ச் சாப்பாட்டுப் பேருங்களை இட்டாலிக்ஸ்ல போடணுமா கூடாதான்னு அங்கயும் இதே சண்டைதான்னு சொன்னா, கால் மணி நேரம் அதையே பேசினோம். என் ரெண்டாவது சாப்டர் அந்தக் கால் மணி நேரத்துலேர்ந்து வந்ததுதான்.

யூஸ் பண்ண ஆரம்பிக்கிறவங்களுக்கு சில விஷயம். ஜூன் தாண்டினா நீம்லாங்கிற வடகிழக்கு அமெரிக்க மொழி இலக்கிய சங்கத்தோட பேனல்கள் நிறைய வரும், மார்ச் மாசம் நடக்கிற கன்வென்ஷனுக்கு செப்டம்பர் கடைசி வரைக்கும் அப்ஸ்ட்ராக்ட் வாங்குவாங்க, ஒவ்வொரு பேனலும் ரொம்பக் குறுகலான தலைப்பா இருக்கும், பொறுமையா தேடினா உங்க தீசிஸுக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு மாட்டும். டெட்லைன் அவங்க ராத்திரி 11:59னு போட்டிருந்தா பயப்படாதீங்க, கிழக்குக் கரை நேரம்னா நமக்கு மறுநாள் காலைல ஒன்பதரை வரைக்கும் டைம் இருக்கு, குளிர்காலத்துல பத்தரை. அப்புறம் தினமும் பாக்காதீங்க, மலைச்சுப் போயிடும். நான் ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம், மூணே மூணு பிரிவு, பிடிச்சதைத் தேதி போட்டு ஒரு நோட்ல எழுதி வெச்சுக்குவேன்.

ஒண்ணு மட்டும் கவனம். இது அறிவிப்புப் பலகை, அங்க ஒரு ஜர்னல் பேர் வந்ததாலயே அது நல்ல ஜர்னல்னு ஆயிடாது, எடிட்டோரியல் போர்டுல யாரு, பழைய இஷ்யூல யார் எழுதியிருக்காங்கன்னு நாமதான் தோண்டிப் பாக்கணும். இப்போ இது இன்னும் அவசியம், நல்ல ஜர்னல் எதுன்னு கேட்டா 2019லேர்ந்து நாம கையைக் காட்டிட்டு இருந்த யுஜிசி கேர் லிஸ்டை (யுஜிசி அங்கீகரிச்ச ஜர்னல்கள் பட்டியல்) 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. யுஜிசியோட 2022 ரெகுலேஷன்ல பிஎச்டிக்குப் பப்ளிகேஷன் கட்டாயம்ங்கிறதையும் எடுத்துட்டாங்க, ஆனாலும் பல இடத்துல சொந்த ரூல்னு இன்னும் கேக்குறாங்க, அந்தப் பதட்டத்துல நம்ம பசங்க ஏமாந்து போறாங்க. எனக்கே ஒரு ஜர்னல்லேர்ந்து ரெண்டே நாள்ல "அக்செப்டட், 6,000 ரூபா அனுப்புங்க"ன்னு மெயில் வந்துச்சு. அதே துறை ஆளுங்க படிச்சு மதிப்பிடுற பியர் ரிவ்யூ ரெண்டு நாள்ல எப்படிங்க முடியும்? அனுப்பல. அதுக்காக நல்ல கான்ஃபரன்ஸ்ல ஃபீஸே இருக்காதுன்னு சொல்ல வரல, பெரிய சங்கங்கள்ல மெம்பர்ஷிப், ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டும் உண்டு, நேர்ல போகணும்னா அமெரிக்க விசா அப்ளிகேஷனுக்கே 185 டாலர், அதனால ஆன்லைன் செஷன் உண்டான்னு முதல்லயே மெயில் போட்டுக் கேட்டுருங்க, கேக்கிறதுல தப்பே இல்ல.

கதை, கவிதை எழுதுறவங்களுக்கு இந்த லிஸ்ட் அவ்ளோவா உதவாது, நேராவே சொல்லிடுறேன். அதுக்கு 1970லேர்ந்து இருக்கிற போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் அமைப்போட டேட்டாபேஸ் போங்க, இலவசம், எந்த மேகசின்ல எப்போ படைப்புகளை வாங்கிப் படிக்கிறாங்கன்னு இருக்கும். அமெரிக்க மேகசின்கள்ல நிறைய இடத்துல ஒரு தடவை அனுப்ப மூணு டாலர் கேப்பாங்க, நமக்கு அது கிட்டத்தட்ட மூணு மதிய சாப்பாடு, அதனால ஃபீஸ் இல்லாததை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பாருங்க. நம்ம பக்கத்துலயே 30 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு பெங்களூர் டோட்டோ ஃபண்ட்ஸ் தி ஆர்ட்ஸ் அமைப்போட அவார்ட் இருக்கு, 2020ல ஆரம்பிச்ச சவுத் ஏஷியா ஸ்பீக்ஸ்ல ஒரு வருஷம் ஒரு எழுத்தாளர் கூட உக்காந்து உங்க புக் ப்ராஜெக்ட்டைப் பாப்பாங்க, அதுக்கும் காசு கிடையாது. என் ரூம்மேட் ரெண்டுக்கும் அப்ளை பண்ணியிருக்கா, வந்ததும் அவளையே எழுதச் சொல்றேன்.

ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, கிரியேட்டிவ் பக்கத்துக்கு வேற இடம் தேடணும்ங்கிறதுக்காக.

இந்த செப்டம்பர் டெட்லைனுக்கு ஒரு அப்ஸ்ட்ராக்ட் எழுதிட்டு இருக்கேன், 340 வார்த்தைல நிக்குது, 40 வெட்டணும். போஸ்ட்கலோனியல் இல்ல டிரான்ஸ்லேஷன் பக்கம் வேலை பண்ற யாராவது படிச்சு எங்க இழுக்குதுன்னு சொல்றீங்களா? உங்களோடதை அனுப்புங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சு நானும் எழுதி அனுப்புறேன்.